அடுப்படிக்கு ஒரு பொங்கல் வரிசை: வாசகர் கேள்விகள்

மார்கழி பிறந்ததிலிருந்து வந்த கடிதங்களையும் வாட்ஸ்அப் செய்திகளையும் மேசையில் பரப்பிப் பார்த்தால் முக்கால்வாசி ஒரே விஷயம்தான். பொங்கல் லீவு வருகிறது, வீட்டில் சமைக்கிற ஆளுக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம்? சமைத்ததைத் தட்டில் அலங்கரித்துப் படம் எடுக்கிற பிள்ளைகளுக்காகக் கேட்டிருப்பவர்களும் இந்த முறை நிறைய. எல்லாவற்றையும் போட இடமில்லை, கையில் அகப்பட்ட ஏழெட்டுக்கு மட்டும் பதில்.

கேள்வி: மகளைத் திருவாரூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம், இது தலைப்பொங்கல். வரிசைக்குப் பித்தளைப் பானை, கரும்பு, மஞ்சள் கொத்து எல்லாம் தயார். கூட இரண்டு பாத்திரம் வைக்கலாம் என்றால், "பாத்திரமே வேண்டாம்மா, கல்யாணத்துக்கு வந்ததே பரணில் கிடக்கு" என்கிறாள். ஆனால் சமையலில் அவளுக்குக் கொள்ளை ஆசை. என்ன வைப்பது? (வாசகி, மன்னார்குடி)

மகள் சொல்வது நியாயம். ஆனால் அந்தப் பாத்திரங்கள் ஏன் பரணில் கிடக்கின்றன என்று யோசித்தீர்களா? நம் பழைய பாத்திரங்களில் பாதியைக் கடையிலிருந்து வாங்கிவந்த கையோடு அடுப்பில் ஏற்ற முடியாது. பழக்க வேண்டும். காலையில் எட்டரை மணி பஸ்ஸைப் பிடிக்கிற பெண்ணுக்கு அதற்கு எங்கே நேரம்? அதனால் நீங்களே பழக்கிக் கொடுங்கள். அதுதான் பரிசு, பாத்திரம் அதற்கு ஒரு சாக்கு.

கல்சட்டி ஒன்று வாங்குங்கள். சேலம் பக்கம் மாக்கல்லில் செதுக்கி வருவது, கும்பகோணத்தில் கேட்டால் கிடைக்கும். வாங்கிவந்து கழுவி, சோறு வடித்த கஞ்சியைச் சூடாக அதில் ஊற்றி அப்படியே விட்டுவிடுங்கள், மறுநாள் கொட்டிவிட்டுப் புதுக் கஞ்சி. ஒரு வாரம் இப்படி. அப்புறம் உள்ளேயும் வெளியேயும் மஞ்சள்தூள் குழைத்த நல்லெண்ணெயைப் பூசி ஒரு நாள் ஊறவிட்டு, முதல் தடவை வெறும் தண்ணீரைச் சின்னத் தீயில் கொதிக்கவிட்டு இறக்குங்கள். வெளிறிக் கிடந்த கல் அதற்குள் கொஞ்சம் கறுத்து, விரலால் தடவினால் வழவழவென்று இருக்கும். இப்போது கொடுங்கள். கூடவே ஒரு துண்டுச்சீட்டு: சூட்டோடு இருக்கும்போது பச்சைத் தண்ணீர் ஊற்றாதே, வெடித்துவிடும், வத்தக்குழம்பை ஐந்து நிமிஷம் முன்னாலேயே இறக்கு, இறக்கின பிறகும் அது பாட்டுக்குக் கொதிக்கும்.

பித்தளைப் பானைக்கும் இதே கதைதான். உள்ளே ஈயம் (வெள்ளீயம்தான்) பூசியிருக்கிறதா என்று பாருங்கள், மஞ்சளாகவே இருந்தால் பூசவில்லை. புளியும் தக்காளியும் பட்டால் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும், அது வயிற்றுக்கு ஆகாது. ஈயம் பூசுகிற ஆளிடம் கொடுத்தால் பானையைச் சூடேற்றி, நவச்சாரம் போட்டு, ஈயக் குச்சியைத் தேய்த்துப் பஞ்சால் ஒரு சுழற்று சுழற்றுவார், உள்பக்கம் வெள்ளி மாதிரி ஆகிவிடும். அந்தக் கூலியையும் வரிசைச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். பூசினால் பொங்கல் முடிந்ததும் அந்தப் பானையில் புளியோதரைக்குப் புளிக்காய்ச்சல் காய்ச்சலாம், பூசாவிட்டால் மறுபடி பரண்தான்.

கேள்வி: மாமியாருக்கு ரசம் வைக்க ஈயச்சொம்பு வாங்கித் தர ஆசை. ஆனால் ஈயம் விஷம் என்று என் கணவர் பயமுறுத்துகிறார். எது உண்மை அக்கா? (வாசகி, கும்பகோணம்)

இரண்டு பேருமே சரி. தமிழில் இரண்டு உலோகத்துக்கும் ஈயம் என்று ஒரே பெயர் வைத்ததில் வந்த வினை இது. சொம்பு செய்ய வேண்டியது வெள்ளீயம். உங்கள் கணவர் பயப்படுவது காரீயம், அது விஷமேதான், குழந்தைகளின் மூளைக்கும் நரம்புக்கும் கேடு, புளிப்புப் பட்டால் இன்னும் வேகமாகக் கரைந்து வரும். காரீயம் விலை மலிவு என்பதால் கலப்படமும் நடக்கிறது.

வீட்டில் செய்து பார்க்க ஒரு வழி இருக்கிறது. காரீயம் வெள்ளீயத்தைவிடக் கனம் அதிகம், ஒன்றுக்கு ஒன்றரை மடங்கு. சொம்பை எடை மெஷினில் வைத்து எத்தனை கிராம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பாத்திரத்தில் விளிம்பு தட்டத் தண்ணீர் ஊற்றி, சொம்பை உள்ளேயும் நீர் நிரம்பும்படி முழுசாக அமிழ்த்தி, வழிந்த தண்ணீரை அளந்து பாருங்கள். 730 கிராம் சொம்பு சுத்த வெள்ளீயமாக இருந்தால் சுமார் 100 மில்லி வழியும். முழுக்கக் காரீயம் என்றால் 65 மில்லி சுமாருக்குத்தான் வழியும். இடையில் எங்காவது நின்றால் கலந்திருக்கிறார்கள். இன்னொன்று, வெள்ளைக் காகிதத்தில் அடிப்பக்கத்தைத் தேய்த்தால் பென்சில் கோடு மாதிரி சாம்பல் கோடு விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் அந்தக் கடைக்குத் திரும்பப் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன், கொஞ்சமாகக் கலந்திருந்தால் இந்த இரண்டிலும் பிடிபடாது. ஆகவே வெள்ளீயம் என்று பில்லில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்று இழுக்கிற கடையில் வாங்க வேண்டாம். நான் ஒரு தடவை எழுதி வாங்காமல் வந்து, மாற்றிக்கொடுங்கள் என்று மூன்று தடவை நடந்தேன், மூன்று தடவையும் எனக்கு மோர் கொடுத்து அனுப்பினார்கள், பணத்தைக் கொடுக்கவில்லை.

அப்புறம், மாமியாருக்குத் தெரியாததா என்று நினைக்காமல் இதையும் சொல்லிக் கொடுங்கள். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். உள்ளே புளித்தண்ணீர் இருக்கிறவரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது, அதனால்தான் சொம்பு தப்பிக்கிறது. காலிச் சொம்பை அடுப்பில் ஏற்றிவிட்டுத் திரும்பினால் போச்சு. என் அம்மா கொடுத்த சொம்பை அப்படித்தான் தொலைத்தேன். கழுவியதை ஈரம் காயட்டும் என்று சின்னத் தீயில் வைத்தேன், வாசலில் கீரைக்காரி கூப்பிட்டாள், இரண்டு கட்டு முளைக்கீரைக்குப் பேரம் பேசிவிட்டு வந்தால் பர்னரைச் சுற்றிப் பாதரசம் மாதிரி ஓடிக் கிடக்கிறது, சொம்பின் கழுத்து மட்டும் மோதிரம் மாதிரி மிச்சம். அந்தக் கழுத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

கேள்வி: மிக்ஸியா, டேபிள்டாப் கிரைண்டரா? மனைவிக்குச் சர்ப்ரைஸாக. (வாசகர், பாபநாசம்)

இரண்டும் வேண்டாம். அது வீட்டுச் சாமான், அதில் நீங்கள் சாப்பிடப்போகிற இட்லிதான் வரும். அவருக்கு என்று ஏதாவது வாங்குங்கள்.

கேள்வி: என் தங்கை ஹோட்டல்களுக்கும் ஸ்வீட் கடைகளுக்கும் சாப்பாட்டைத் தட்டில் அலங்கரித்துப் படம் எடுத்துக் கொடுக்கிறாள், ஃபுட் ஸ்டைலிஸ்ட் என்று கார்டு கூட அடித்துவிட்டாள். செல்போன் கேமராதான். என்னிடம் 2,500 ரூபாய் இருக்கிறது. பொங்கலுக்கு உருப்படியாக என்ன வாங்கலாம்? ரிங் லைட் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். (வாசகர், தஞ்சாவூர்)

தம்பி, முதலில் அந்த ரிங் லைட்டை மறந்துவிடு. முகத்துக்கு வைக்கிற விளக்கு அது, நேர் எதிரே வைத்தால் சாம்பார் மேலே மிதக்கிற எண்ணெயில் வெள்ளை வளையம் விழும், பார்க்க ஏதோ பூச்சிக் கண் மாதிரி இருக்கும். சாப்பாட்டுக்கு வெளிச்சம் பக்கவாட்டிலிருந்தோ கொஞ்சம் பின்னாலிருந்தோ வர வேண்டும். திருவையாற்று அசோகாவை ஜன்னல் ஓரம் வைத்து, ஜன்னல் இடது பக்கம் இருக்கும்படி உட்கார்ந்து பார், பாசிப்பருப்பும் நெய்யும் சேர்ந்த அந்த ஈரப் பளபளப்பு எழும்பி நிற்கும். அதே கிண்ணத்தைக் கூடத்தில் டியூப்லைட்டுக்குக் கீழே வைத்தால் கேசரியா அசோகாவா என்று யாருக்கும் தெரியாது. படம் எடுக்கும்போது டியூப்லைட்டை அணைத்துவிடச் சொல். இரண்டு வெளிச்சம் கலந்தால் சோறு ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் மஞ்சள்.

உன் காசில் இதெல்லாம் வரும். தெர்மகோல் அட்டை இரண்டு, ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் நிறுத்தினால் நிழல் இளகும். கறுப்பு சார்ட் இரண்டு, வெளிச்சம் அதிகமாகிச் சோறு வெளுத்துப் போகும்போது அது வேண்டும். ஜன்னலில் ஒட்ட ட்ரேசிங் பேப்பர் ஒரு சுருள். நீளமான இடுக்கி ஒன்று, செல்போன் ரிப்பேர்காரர்கள் வைத்திருப்பார்களே அந்த மாதிரி, ஆனால் புதுசு, சாப்பாட்டுக்கு மட்டும் என்று தனியாக. பொங்கலில் முந்திரியைக் கையால் நகர்த்தினால் பக்கத்துச் சோறும் கூடவே வரும், இடுக்கியால் நகர்த்தினால் வராது. வாட்டர்கலர் பிரஷ் இரண்டு, தட்டின் ஓரத்துச் சிதறலைத் துடைக்கவும், காய்ந்துபோன வடைமேல் எண்ணெய் தொட்டு வைக்கவும். ஸ்ப்ரே பாட்டில் ஒன்றும் கிளிசரினும் வாங்கு, தண்ணீரில் பாதிக்குப் பாதி கலந்து தம்ளர் மேலும் வாழைப்பூ மேலும் அடித்தால் முத்து முத்தாக நிற்கும், அரைமணி ஆனாலும் வழியாது. அது படத்துக்கு மட்டும்தான், கிளிசரின் பட்டதை அப்புறம் யாருக்கும் பரிமாறக் கூடாது என்று தங்கையிடம் இரண்டு தடவை சொல்.

இதையெல்லாம் வாங்கியும் பணம் மிஞ்சும். மிச்சத்தில் போனை நேர் மேலே தொங்கவிடுகிற மாதிரி கை நீளும் ஸ்டாண்ட் ஒன்று. தலைவாழை இலைச் சாப்பாட்டை மேலிருந்துதான் எடுக்க வேண்டும், ஸ்டூல் மேல் ஏறி நின்று எடுத்தால் நிழல் இலை மேலேயே விழும். இலையைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்கிறேன், நுனி சாப்பிடுகிறவரின் இடப்பக்கம் இருக்க வேண்டும். இதைத் தலைகீழாகப் போட்டு எடுத்த படத்தை நம் ஊர் ஹோட்டல் போர்டுகளிலேயே பார்த்திருக்கிறேன். சாப்பாடு எவ்வளவு அழகாக இருந்தாலும் நம் கண் முதலில் அங்கேதான் போய் நிற்கும்.

எவர்சில்வர் தட்டும் டபராவும் தனித் தலைவலி. எடுக்கிற ஆள், கையில் இருக்கிற போன், பின்னால் காயப்போட்ட துணி எல்லாம் அதில் தெரியும். போலரைசர் ஃபில்டர் போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் வாங்காதே. வாழையிலையின் மினுக்கையும் குழம்பின் பளபளப்பையும் அது குறைக்கும், உலோகத்தில் தெரிகிற பிம்பத்திடம் அதன் ஜம்பம் பலிக்காது. தட்டுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ட்ரேசிங் பேப்பர், தட்டுக்கு எதிரே தெர்மகோல், அவ்வளவுதான், தட்டில் வெள்ளை மட்டும் தெரியும்.

கேமரா வைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் கைகொடுக்கிற இன்னொன்று, டம்மி. டிகிரி காபியின் நுரை ஒன்றிரண்டு நிமிஷத்தில் அடங்கிவிடும். காலி டபராவை வைத்து வெளிச்சம், கோணம் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு, கடைசியில்தான் ஆற்றின காபியைக் கொண்டுவர வேண்டும். அவள் நடுங்கிக்கொண்டே போனைப் பிடித்திருக்க, நீ ஓடிவந்து தம்ளரை மாற்றி வை. 2,500 ரூபாய்க்கு மேல் பெறுமான பரிசு அது.

பின்னணிப் பலகைக்குக் காசு கொடுக்காதே. தெருவில் எங்காவது கட்டட வேலை நடந்தால் ஒரு பிளைவுட் துண்டைக் கொடுத்து, கொத்தனாரிடம் சிமெண்டை மெல்லிசாக இழுத்துப் பூசித் தரச் சொல். இரண்டு நாள் காய்ந்தால் அருமையான சாம்பல் தளம். டைல்ஸ் கடையில் உடைந்த கடப்பாக்கல் கேட்டால் சும்மாவே தருவார்கள். வீட்டில் பாட்டியின் மனைப்பலகை இருந்தால் இதெல்லாமே வேண்டாம். துணி வேண்டுமென்றால் கருப்பூர்க் கலம்காரியில் சின்னத் துண்டு ஒன்று வாங்கலாம், தட்டின் மூலையில் எட்டிப்பார்க்கும் அளவுக்கு. கோயில் தோம்பைக்கும் குடைக்கும் வரைகிற கை அது, இயற்கைச் சாயம், அதன் மேல் குழம்பைச் சிந்தினால் என்னிடம் சொல்லாதே.

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து அத்தை மகள் லீவுக்கு வருகிறாள், நல்ல சமையல்காரி. திரும்பும்போது எடுத்துப்போக என்ன கொடுக்கலாம்? (வாசகி, வேதாரண்யம்)

உங்கள் ஊரிலேயே இருக்கிறது. ஒரு கிலோ கல் உப்பு, துணிப்பையில். 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துவந்து சட்டத்தை மீறி அள்ளினாரே, அந்தக் கடற்கரையின் உப்பு என்று ஒரு வரி எழுதி வையுங்கள். அள்ளினபடியே கிடைக்கிற உப்பில் அயோடின் சேர்ந்திருக்காது, அதனால் தினச் சமையலுக்கு அவள் வழக்கமான உப்பே இருக்கட்டும், இது ஆவக்காய்க்கும் எலுமிச்சை ஊறுகாய்க்கும். மணத்தக்காளி வத்தல், சுண்டைக்காய் வத்தல், வெங்காய வடகம் கொடுக்கலாம், கனமே இருக்காது. ஊறுகாய் ஜாடி வேண்டாம், பெட்டிக்குள் ஒழுகினால் அவள் பட்டுப்புடவையோடு உங்கள் உறவும் போய்விடும். அருவாமனை, தேங்காய்த் துருவி என்று கூர்மையாக எது கொடுத்தாலும் செக்-இன் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள், கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள்.

அரிசியும் கொடுக்கலாம். அங்கே எவ்வளவு அனுமதிக்கிறார்கள் என்று மட்டும் முதலில் அவளையே பார்க்கச் சொல்லுங்கள். திருத்துறைப்பூண்டி பக்கத்து ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 170-க்கு மேற்பட்ட பாரம்பரிய ரகங்களைத் தேடிச் சேர்த்து, நெல் திருவிழா நடத்தி உழவர்களுக்கு விதையாகப் பரப்பினார். 2018 டிசம்பரில் அவர் போய்விட்டார், ஆனால் அந்த நெல்லெல்லாம் இன்றைக்கும் டெல்டா வயலில் நிற்கிறது. தூயமல்லி, மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக்கவுனி மூன்றிலும் அரைக்கிலோ. எப்படிச் சமைப்பது என்று எழுதாமல் கொடுத்தால் வீண். கவுனியை முந்தின ராத்திரியே ஊறப்போட வேண்டும், மாப்பிள்ளைச் சம்பாவுக்கும் ஊறலும் தண்ணீரும் அதிகம், தூயமல்லி சாதாரணப் புழுங்கல் மாதிரி வேகும். பழைய அரிசியா புது அரிசியா என்பதையும் பையிலேயே எழுதுங்கள். புது அரிசி குழையும், பொங்கலுக்கு அதுதான் வேண்டும், சாம்பார் சாதத்துக்கு அதை வைத்துவிட்டு அரிசி சரியில்லை என்று அவள் அங்கிருந்து போன் பண்ணக் கூடாது.

கேள்வி: வீட்டில் மீன் சமைப்பது என் கணவர்தான். கிறிஸ்துமஸுக்கே ஏதாவது கொடுத்திருக்க வேண்டும், விட்டுப்போயிற்று. (வாசகி, நாகப்பட்டினம்)

பரவாயில்லை, பொங்கலுக்குக் கொடுங்கள். அகலமான மண்சட்டி ஒன்று, மேலே சொன்ன கஞ்சிப் பழக்கத்தோடு. செதில் உரிக்கிற பிரஷ், துடுப்பு நறுக்கக் கெட்டியான கத்திரி. கொள்ளிடம் பக்கம் போனால் தைக்காலில் சாலையோரத்திலேயே பிரம்புக் கூடை வாங்கலாம், எல்லாவற்றையும் அதில் போட்டுக் கொடுத்தால் ஜோடனைத் தாள் செலவு மிச்சம். அப்புறம் அந்தக் கூடை உங்களுக்கு.

கேள்வி: அப்பா முப்பது வருஷமாகக் கல்யாணச் சமையல் மாஸ்டர். என்ன வாங்கிக் கொடுத்தாலும் "எதுக்குடா" என்று பீரோவில் வைத்துவிடுகிறார். கத்தி செட், ஏப்ரன் எல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டேன். (வாசகர், மயிலாடுதுறை)

மாஸ்டருக்குக் கத்தி வாங்கிக் கொடுப்பது மேளக்காரருக்குக் குச்சி வாங்கிக் கொடுப்பது மாதிரி. அவருக்கு எது கைக்கு அமையும் என்று அவருக்குத்தான் தெரியும். அவர் காலைப் பாருங்கள். ராத்திரி ஒரு மணிக்குக் காய் நறுக்க ஆரம்பித்து, காலை டிபன் முடிந்து, மதியப் பந்தி முடிகிற வரை ஈரத் தரையில் நிற்கிறார். வழுக்காத ரப்பர் அடிச் செருப்பு, நல்லதாக, கடைக்கு அவரையே கூட்டிப்போய்ப் போட்டுப் பார்த்து வாங்குங்கள். அதைப் பீரோவில் வைக்க மாட்டார்.

கூடவே ஒரு கெட்டி அட்டை நோட்டு. அதில் எழுத வேண்டியது நீங்கள், அவர் இல்லை. 200 பேருக்கு ரசத்துக்கு எத்தனை ஆழாக்குத் துவரம்பருப்பு என்று கேட்டால் அவர் நொடியில் சொல்வார், இதுவரை யாரும் எழுதி வைத்திருக்க மாட்டீர்கள். 8 ஆழாக்கு ஒரு படி என்று சொல்கிறோமே, அந்தப் படியே ஊருக்கு ஊர் வேறு, பெரிய படி, சின்னப் படி என்று. அதனால் வீட்டில் அவர் எடுக்கிற படியையே தராசில் வைத்து, பருப்பு எத்தனை கிராம், அரிசி எத்தனை கிராம் என்று அவர் எதிரிலேயே நிறுத்து எழுதுங்கள். முகூர்த்தம் இல்லாத மார்கழியில்தான் மாஸ்டர்கள் வீட்டில் இருப்பார்கள், இப்போதே உட்காருங்கள். "உப்பு, கண் அளவு" என்று அவர் சொல்லுகிற இடத்தில் மட்டும் வற்புறுத்தாமல் அப்படியே எழுதிவிடுங்கள்.

கேள்வி: ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிறீர்களே, உங்களுக்கு யாராவது பரிசு கொடுப்பதென்றால் என்ன கேட்பீர்கள்? (வாசகி, வலங்கைமான்)

எங்கள் தெருவுக்கு ஈயம் பூசுகிறவர் வந்து வருஷக்கணக்காகிறது. மாமியார் காலத்து அண்டா ஒன்றும் தவலை இரண்டும் உள்ளே மஞ்சளாய்க் கிடக்கின்றன. யாராவது அவரைக் கண்டால் எங்கள் தெருமுனை வரைக்கும் கூட்டிவந்து விட்டால் போதும். அவருக்கும் உங்களுக்கும் காபி நான் போட்டுத் தருகிறேன்.